டிவி வரமாட்டேங்கு

ராத்திரி ஏழே முக்கால் மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தால் ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். அது அவளுடைய சீரியல் நேரம். அந்த நேரத்தில் நானாகக் கூப்பிட்டாலும் எடுக்கமாட்டாள். அன்று திங்கட்கிழமை. பதறிப்போய் எடுத்தேன். "எய்யா, டிவி வரமாட்டேங்கு" என்றாள். ப்பூ, டிவிதானா என்றிருந்தது. அடுத்த முக்கால் மணி நேரம், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு கோவில்பட்டி வீட்டுச் சுவரில் தொங்குகிற ஒரு 32 அங்குல டிவிக்கு நான் போனிலேயே வைத்தியம் பார்த்தேன். டிவி இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் மட்டும் ஆறு மாசமாக என்னை விடமாட்டேன் என்கிறது.

நான் ஈசிஈ படித்தவன். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை, நம் ஊரில் வீட்டுக்கொரு ஈசிஈ இருக்கிறான். கேம்பஸில் ஏதோ ஒரு ஐடி கம்பெனி அள்ளிக்கொண்டு போய்விடும். சால்டரிங் அயர்னைக் கடைசியாகத் தொட்டது காலேஜ் லேபில்தான். ஆனாலும் தெருவில் யார் வீட்டு மிக்ஸி ஓடவில்லையென்றாலும், இன்வெர்ட்டர் கத்தினாலும், "தம்பி எலக்ட்ரானிக்ஸ்தானே படிச்சிருக்கு" என்று ஒரு பெரியம்மா கேட்டுவிடுவார். தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். இந்தக் கூச்சம்தான் எனக்குள் ஒரு போலி மெக்கானிக்கை வளர்த்துவிட்டிருக்கிறது. அம்மா போன் செய்த அன்று அவன்தான் பேசினான்.

"பிளக் சரியா சொருகியிருக்கா?" என்று ஆரம்பித்தேன். "அந்தப் பாயிண்ட்ல மிக்ஸியச் சொருகிப் பாத்துட்டேன், ஓடுது" என்றாள். இந்த பதிலிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். பாயிண்டில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க, ஓடுகிற இன்னொரு சாமானைச் சொருகிப் பார்ப்பதுதான் முதல் வேலை. என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே அதைச் செய்து முடித்திருக்கிறாள். நான் அதைக் கவனிக்கவில்லை. "பரவால்ல, வேற பாயிண்ட்ல போட்டுப் பாரு" என்றேன். போட்டாள். அதே கதை.

அடுத்து ரிமோட். வீடியோ காலுக்கு மாற்றி, ரிமோட்டின் மூக்கைப் போனுக்கு நேராகக் காட்டிப் பட்டனை அமுக்கச் சொன்னேன். ரிமோட்டிலிருந்து வருகிற அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலான போன்களின் முன்பக்க கேமராவுக்குத் தெரியும். அம்மா அமுக்க அமுக்க, என் போன் திரையில் ரிமோட்டின் நுனி ஊதா நிறத்தில் மினுக் மினுக்கென்று எரிந்தது. இதைப் பார்த்ததும் எனக்கு ஒரே பெருமை. ரிமோட் நல்லாயிருக்கு என்று தீர்ப்புச் சொன்னேன். "ரிமோட்டு நல்லாத்தான்யா இருக்கு. அமுக்கினா டிவில செவப்பு லைட்டு அணையுதுல்லா" என்றாள்.

சிவப்பு லைட் அணைகிறது. இந்த இடத்தில்தான் நான் படித்த படிப்பு என் காலை வாரியது. டிவிக்குள் இரண்டு விதமான மின்சாரம் உண்டு. பிளக்கைச் சொருகியதுமே, ரிமோட்டின் கூப்பிடுதலுக்காகக் காத்திருக்கிற சின்னப் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் போகும். அதற்கு அடையாளம்தான் சிவப்பு லைட். ஆன் செய்ததும் பெரிய சப்ளை கிளம்பும். எஸ்எம்பிஎஸ் என்கிற அந்தச் சப்ளையில், மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற கெப்பாசிட்டர் மாதிரி ஏதாவது கெட்டுப்போனால், பாரம் ஏறியதும் எல்லாம் படுத்துக்கொண்டு சிவப்பும் சேர்ந்து அணைவதுண்டு. "எஸ்எம்பிஎஸ் வீக்காயிருச்சும்மா, கெப்பாசிட்டர் உப்பியிருக்கும்" என்று ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அடித்துச் சொன்னேன். இன்னொரு சாத்தியம் இருந்தது. ஏகப்பட்ட டிவிகளில் ஓடாமல் இருக்கும்போதுதான் சிவப்பு எரியும், ஆன் ஆனதும் அணைந்துவிடும். எங்கள் டிவியும் அந்த ரகம்தான். வாங்கிக்கொடுத்தவனே நான்தான், ஏழு வருஷமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அந்த லைட் எப்போது எரியும் எப்போது அணையும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அம்மா தினமும் பார்க்கிறவள்.

அப்புறம் எல்லாரும் செய்கிற அந்தக் கைவைத்தியம். பிளக்கைப் பிடுங்கு, டிவியிலேயே இருக்கிற பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடி, பத்து நிமிஷம் கழித்துச் சொருகு. மூடநம்பிக்கை மாதிரி தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது. ரிமோட்டால் அணைக்கும்போது இப்போதைய டிவி முழுசாகத் தூங்குவதில்லை. அதற்குள் இருக்கிற சின்னக் கம்ப்யூட்டர் முழித்துக்கொண்டேதான் இருக்கும். அது எங்கேயாவது சிக்கிக்கொண்டால், மிச்ச மின்சாரம் எல்லாம் வடிந்தால்தான் முதலிலிருந்து யோசிக்க ஆரம்பிக்கும். பட்டன் எங்கே என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. "திரைக்கு அடியில, இல்லேன்னா பின்னால வலது பக்கம்" என்றேன். சுவரை ஒட்டித் தொங்குகிற டிவி. ட்யூப்லைட் வெளிச்சம் அங்கே எட்டாது. பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்பே டார்ச்சை எடுத்துவந்து தேடினாள்.

அப்போதுதான் சொன்னாள்: "எய்யா, டார்ச் அடிச்சா உள்ள என்னமோ ஒரு பொட்டி மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் போகுது."

"அது டார்ச் வெளிச்சம்மா. கண்ணாடில பட்டுத் தெரியுது. நீ பட்டனப் பாரு" என்றேன்.

கைவைத்தியம் பலிக்கவில்லை. நாளைக்கு ஆளை அனுப்புகிறேன், அதுவரைக்கும் டிவியைத் தொடாதே, உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும், ஷாக் அடிக்கும் என்று பயமுறுத்திவிட்டுப் போனை வைத்தேன். மூடியிருக்கிற டிவியை வெளியிலிருந்து தொட்டால் ஒன்றும் ஆகாது. அதைக் கழற்றினால்தான் ஆபத்து. 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்சாரமாக மாறும்போது சுமார் 325 வோல்ட்டாக ஒரு கெப்பாசிட்டரில் உட்கார்ந்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். அம்மா எதையும் கழற்றப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் எதற்கு அப்படிச் சொன்னேன்? பேச்சை முடிப்பதற்குத்தான். அந்த ஒரு பொய்யால் மூன்று நாள் வீணானது, அதைப் பிறகு சொல்கிறேன்.

உயிர் இருக்கா?

எங்கள் தெருவில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இருந்தார். குண்டு டிவிக் காலம். 2006இல் ஆரம்பித்து அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவிகள் தெருவுக்குள் வந்த பிறகு அவருக்குச் சாப்பிட நேரமிருக்காது. அவர் பையில் ஒரு நூறு வாட் குண்டு பல்பு எப்போதும் இருக்கும், பழைய ஹோல்டரில் மாட்டி, வயரோடு. டிவியை நேராகப் பிளக்கில் சொருகவே மாட்டார். பல்பு வழியாக டிவிக்குக் கரண்ட் போகிற மாதிரி மாட்டிவிட்டு சுவிட்சைப் போடுவார். பல்பு முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால், "உள்ள எங்கயோ முட்டிக்கிட்டு இருக்கு" என்பார். ஷார்ட் என்று அர்த்தம். பளிச்சென்று ஒரு தடவை எரிந்துவிட்டு மங்கினால், "ஆளு மூச்சு விடுறான்" என்பார். பல்பு எரியவே இல்லையென்றால் கரண்ட் உள்ளே போகவே இல்லை, பியூஸையும் வயரையும் பார்க்க வேண்டும். மீட்டர் எடுப்பதற்கு முன்னாலேயே பாதி வழக்கு முடிந்துவிடும்.

பல்புக்கும் முன்னால் அவர் ஒன்று செய்வார். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எப்படி அணைஞ்சது?" என்று கேட்பார். பாத்துக்கிட்டிருக்கும்போதா, காலைல போடும்போதா? டப்புன்னு சத்தம் வந்துச்சா? முதல்ல படம் சுருங்குச்சா? கரண்ட் போய் வந்துச்சா? வீட்டில் யார் பதில் சொன்னாலும் கேட்டுக்கொள்வார், சின்னப் பிள்ளைகள் சொன்னாலும். எங்கள் வீட்டு டிவியை அப்பா பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் படம் வரும். அதைச் சொல்லக்கூடாது என்று அப்பா கண்ணைக் காட்ட, நான் சொல்லிவிட்டேன். "எந்தப் பக்கம் தட்டினா வருது?" என்று அண்ணாச்சி சந்தோஷமாகக் கேட்டார். சூட்டிலும் குளிரிலும் கனமான பாகங்களின் காலடியில் ஈயப்பற்று விரிசல் விட்டுவிடும், தட்டினால் ஒட்டும். தட்டுகிற பக்கம் தெரிந்தால் தேடுகிற இடம் தெரிந்துவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மோதிரம் மாதிரி விரிசல் விட்டிருந்த ஒரு பற்றைக் காட்டினார்.

"டிவி வரமாட்டேங்கு" என்கிற ஒரு பேச்சுக்குள் எத்தனையோ வியாதி இருக்கிறது. மெக்கானிக்குகள் அதைப் பிரித்துத்தான் பேசுவார்கள். லைட்டே இல்லையென்றால் டெட். சிவப்பு மட்டும் எரிந்தால் ஸ்டாண்ட்பை. கம்பெனி பேரைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றால் லோகோ ஹேங். பேச்சு வந்து படம் வராதது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் போகிற பாதை வேறு. எது உயிரோடு இருக்கிறது என்று கேட்பவனுக்கு எது செத்தது என்பது தானாக வந்து சேரும். இது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும், தரையில் அண்ணாச்சிக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்தது. அன்று ராத்திரி அம்மாவிடம் முக்கால் மணி நேரம் பேசினேன், எப்படி அணைந்தது என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

பேனல்

செவ்வாய்க்கிழமை சர்வீஸ் ஆள் வந்தார். போனில் பதிவு செய்தால் வருகிற ஆள். மொத்தம் மூன்று நிமிஷம் இருந்தார் என்றாள் அம்மா. ஆன் செய்தார், இருட்டு. அணைத்துப் போட்டார், இருட்டு. "பேனல் போயிருச்சும்மா. மாத்துற காசுக்குப் புது டிவியே வாங்கிரலாம்" என்று சொல்லி, வந்து பார்த்ததற்கான காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ரொம்ப நாள் அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது அவ்வளவு இல்லை. அவர் அகராதியில் பேனல் என்றால் கண்ணாடி, அதற்குப் பின்னால் இருக்கிற விளக்கு, நடுவில் இருக்கிற தாள் எல்லாம் சேர்ந்த ஒரே சாமான். அதில் எது போனாலும் பேனல் போச்சு. அவர் பார்க்காததைத்தான் நானும் பார்க்கவில்லை. நானாவது பெற்ற தாயே சொல்லியும் பார்க்காதவன். அன்று மத்தியானமே 13,990 ரூபாய்க்கு ஒரு டிவியைப் பார்த்து ஆன்லைனில் கூடையில் போட்டு வைத்தேன். சம்பளம் வந்ததும் வாங்குவதாக யோசனை.

வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, டிவிதான் இல்லையே, சும்மா இருப்பாள் என்று கூப்பிட்டேன். எடுத்தாள். பின்னால் ஒரு பெண் அழுகிறாள், அதற்கு வயலின் வாசிக்கிறார்கள். சீரியல்.

"டிவி சரியாயிருச்சா?"

"இல்லய்யா. கேட்டுக்கிட்டு இருக்கோம்."

"கேட்டுக்கிட்டா?"

"பேச்சு நல்லா வருது. நானும் பக்கத்து வீட்டு அக்காவும்தான். பாதி ஆளு குரல வச்சே தெரிஞ்சிரும். யாருன்னு தெரியலேன்னா டார்ச் அடிச்சுப் பாத்துக்குவோம்."

நான் நின்றுகொண்டிருந்தேன், உட்கார்ந்துவிட்டேன். "டார்ச் அடிச்சா ஆளு தெரியுதா?" என்று கேட்டேன். கிட்டக்கப் போய்ச் சாய்த்து அடித்தால் தெரியும், மங்கலாக, ஒரு தட்டு அளவுக்கு, முகம் மட்டும் என்றாள். "மாமியாக்காரி வந்தா டார்ச்சே வேண்டாம்" என்று பக்கத்து வீட்டு அக்கா பின்னாலிருந்து சொல்வது கேட்டது. சீரியல் இருட்டில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லாமே உயிரோடு இருந்திருக்கிறது, சப்ளை, போர்டு, பேனல், எல்லாம். விளக்கு மட்டும் இல்லை.

எல்இடி டிவி என்று நாம் சொல்வதில் எல்இடி என்பது படமில்லை, பின்னால் எரிகிற விளக்கின் பெயர். படம் காட்டுவது எல்சிடி கண்ணாடி. அது தானாக எரியாது, ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சத்தை விடவும் மறைக்கவும் மட்டும் தெரியும். பின்னால் விளக்கு போய்விட்டாலும் கண்ணாடி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், திரையை இழுத்து மூடின பிறகும் நடிக்கிற நாடகக்காரன் மாதிரி. முன்னாலிருந்து டார்ச் அடித்தால் அந்த வெளிச்சம் கண்ணாடிக்குள் நுழைந்து, பின்னால் இருக்கிற வெள்ளைத் தகட்டில் பட்டுத் திரும்பி வரும்போது படத்தோடு வரும். இந்தச் சோதனையை டிவி மெக்கானிக்குகள் வழக்கமாகச் செய்வார்கள். எனக்கும் தெரியும். அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திங்கட்கிழமையே செய்து, பார்த்ததைச் சொல்லவும் செய்தாள். அங்கிட்டும் இங்கிட்டும் போன அந்தப் பொட்டி, கேபிள் பெட்டி அணைந்திருக்கும்போது டிவி திரையில் மிதக்குமே, சிக்னல் இல்லை என்கிற அந்தக் கட்டம்.

ஏன் அன்றைக்கே சத்தம் கேட்கவில்லை என்று விசாரித்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் ஒரு மினுக்கு மினுக்கி இருட்டாகியிருக்கிறது. கேபிள்காரன் பெட்டியில்தான் கோளாறு என்று அதை அணைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் டிவியை மட்டும்தான் போட்டு அணைத்துப் போடச் சொன்னேன், பெட்டியைப் பற்றிக் கேட்கவேயில்லை. சர்வீஸ் ஆளும் பெட்டியைப் போடவில்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழரைக்குக் கை தானாகப் போய் இரண்டையும் போட்டிருக்கிறது. சத்தம் வந்ததும் அம்மா ஏன் எனக்குச் சொல்லவில்லை? "நீதான் தொட்டா ஷாக் அடிக்கும்ன. தொட்டேன்னு சொன்னா ஏசுவ."

பன்னிரண்டில் ஒன்று

வெள்ளிக்கிழமை ரயிலில் ஊருக்குப் போனேன். பழைய அண்ணாச்சி இப்போது இல்லை. அவரிடம் தொழில் பழகியவர் சந்தில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார், அவரும் எங்களுக்கு அண்ணாச்சிதான். சனிக்கிழமை காலையில் வந்தார். டார்ச் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "அப்ப அம்மாவே பாத்துட்டாங்க. நம்ம பிரிக்க வேண்டியதுதான்" என்றார். கட்டிலில் துவைத்த போர்வையை விரித்து டிவியைக் குப்புறப் படுக்க வைத்தார். முதலில் சொன்னது: "பேன அமத்துங்க." வியர்த்துக் கொட்டுகிற வீட்டில் இதென்ன என்று பார்த்தேன். உள்ளே இருக்கிற வெள்ளைத் தாள்கள் காற்றில் பறக்கும், ஒரு தூசி விழுந்தாலும் பிறகு திரையில் கறுப்புப் புள்ளியாக நிற்கும். திருகுகள், முதுகுத் தகடு, ஓரச் சட்டம் என்று ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, இரண்டு கையாலும் கண்ணாடியைத் தூக்கினார். கறுப்பாக, அப்பளம் மாதிரி மெல்லிசாக, ஒரு விளிம்பில் மட்டும் ரிப்பன்கள் தொங்கிக்கொண்டு இருந்தது. அந்த ரிப்பன் ஒன்று கிழிந்தால் சர்வீஸ் ஆள் சொன்னது உண்மையாகிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையணைமேல் வைத்தார். அம்மா குனிந்து பார்த்து, "இவ்வளவுதானா டிவி?" என்றாள்.

அடியில் இரண்டு பட்டைகள், பட்டைக்கு ஆறு விளக்கு. ஒவ்வொன்றின் மேலும் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு லென்ஸ் குமிழ். கையடக்கமான ஒரு டெஸ்டரின் இரண்டு முனையையும் விளக்கு விளக்காக வைத்துக்கொண்டே போனார். எரிந்தது, எரிந்தது, எரிந்தது. ஒன்பதாவது எரியவில்லை. குமிழைப் பெயர்த்துக் காட்டினார். மஞ்சள் சதுரத்தின் நடுவில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. பன்னிரண்டும் கோர்த்த மாலை மாதிரி ஒரே வரிசையில் இருப்பதால் ஒன்று அறுந்தால் எல்லாம் இருட்டு. "இத மட்டும் மாத்தலாமே" என்றேன். "மாத்தலாம். எல்லாம் ஒரே வயசு. அடுத்த மாசம் பக்கத்துக்காரன் போவான், நீங்க மறுபடி பேன அமத்தணும்" என்றார். இரண்டு பட்டையும் புதுசாகப் போட்டு, கூலியோடு 1,300 ரூபாய் ஆனது.

மாட்டி முடித்ததும் ரிமோட்டை வாங்கி, பேக்லைட் என்கிற பின்விளக்கின் அளவைத் தேடிப் பார்த்தார். 100இல் இருந்தது. கடையில் பளபளவென்று தெரிவதற்காக வைத்ததை அப்படியே ஏழு வருஷம் ஓட்டியிருக்கிறோம். எல்இடியைக் கொல்வது சூடு, முழு வேகத்தில் எரிந்தால் சூடு. 40க்கு இறக்கினார். கூடையில் இருந்த 13,990ஐ அங்கேயே நின்று அழித்தேன்.

சாயங்காலம் அம்மா டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன், உள்ள என்னமோ நடமாடுற மாதிரி தெரியுதுன்னு அன்னைக்கே அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொன்னேம்லா. டார்ச் வெளிச்சம்ன்ட்ட. படிச்ச பிள்ளைன்னு விட்டுட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

போன மாசம் எதிர் வீட்டு டிவி வரவில்லை. அவர்கள் எனக்குப் போன் செய்யவில்லை. அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். டார்ச்சோடு போய், எப்படி அணைந்தது என்று விசாரித்து, நாலு மூலையிலும் அடித்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் தெரியவில்லை, சிவப்பு லைட்டும் இல்லை. "உங்களுது வேற கேஸு, அண்ணாச்சியக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு சீரியலுக்கு வந்துவிட்டாளாம்.